டீசல் எஞ்சினுக்குத் திரி எது?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் நின்று மலையுச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? 2,668 அடி உயரத்தில், பெரிய கொப்பரையில், நெய்யில் தோய்ந்த தடித்த துணித் திரி பற்றிக்கொள்கிறது. ஊர் முழுவதும் மலையை நோக்கிக் கை குவிக்கிறது. அதே நேரத்தில் ஊருக்கு வெளியே, தற்காலிகப் பேருந்து நிலையங்களில், நூற்றுக்கணக்கான டீசல் எஞ்சின்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. மலையுச்சியில் எரிவதும் எண்ணெய்ப் பொருள்தான். பேருந்தினுள் எரிவதும் எண்ணெய்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தீபத்திற்குத் திரி இருக்கிறது. டீசல் எஞ்சினுக்குத் திரி எங்கே?

வேடிக்கையான கேள்வி என்று எண்ண வேண்டாம். ஓர் அகலில் நல்லெண்ணெய் ஊற்றி, திரி போடாமல், தீக்குச்சியைக் கொளுத்தி அருகே காட்டிப் பாருங்கள். எண்ணெய் பற்றாது. திரி போட்டால் உடனே பற்றும். ஏன்? எண்ணெய் நீர்ம நிலையில் எரிவதில்லை. ஆவியாகி, காற்றோடு கலந்த பிறகே எரிகிறது. திரியின் நுண்ணிய இழைகள் எண்ணெயை மேலே இழுத்து மெல்லிய படலமாகப் பரப்புகின்றன. பரந்த படலம் சுடரின் வெப்பத்தில் எளிதில் ஆவியாகிறது. ஆகவே திரியின் வேலை, எண்ணெயைப் பரப்பிக் கொடுப்பது.

டீசல் எஞ்சினில் இந்த வேலையைச் செய்யும் உறுப்புக்கு இன்ஜெக்டர் என்று பெயர். எரிபொருளை உட்செலுத்துவதால் உட்செலுத்தி என்றும் சொல்லலாம். பட்டறைகளில் இதன் நுனிப் பகுதியின் பெயரையே முழுப் பொருளுக்கும் வைத்து 'நாசில்' என்பார்கள். கிணற்றடி எஞ்சின், டிராக்டர், பேருந்து, லாரி, மின்தடையின்போது ஓடும் ஜெனரேட்டர் ஆகிய எல்லாவற்றிலும் இது உண்டு. இதைப் பற்றியும், இதை வீட்டிலேயே துப்புரவு செய்யலாமா என்பது பற்றியும் இங்கே காண்போம்.

தீப்பொறி இல்லாத தீ

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறிச் செருகி, அதாவது ஸ்பார்க் பிளக், இருக்கிறது. டீசல் எஞ்சினில் அது கிடையாது. அங்கே பற்றவைப்பது காற்றின் வெப்பமே.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். காற்றை விரைந்து அழுத்தினால், நாம் செய்யும் வேலை முழுவதும் அதன் வெப்பநிலையை உயர்த்துகிறது. டீசல் எஞ்சினின் பிஸ்டன் மேலேறும்போது, உருளையில் உள்ள காற்று ஏறத்தாழ 17இல் ஒரு பங்கு பருமனுக்குச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் வெளியே கசியவில்லையெனில், தனி வெப்பநிலை 17இன் 0.4 அடுக்கு மடங்காக உயரும். அதாவது 3.1 மடங்கு. தொடக்க வெப்பநிலை 300 கெல்வின், அதாவது 27 டிகிரி சென்டிகிரேடு, என்றால் இறுதியில் 930 கெல்வின். சென்டிகிரேடில் ஏறத்தாழ 660 டிகிரி! உண்மை எஞ்சினில் உருளைச் சுவர் வழியே வெப்பம் கசிவதால் இது 500, 600 டிகிரி அளவில் நிற்கும். அதுவே மிகுதி. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரி அளவே போதும். அப்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைப் போல் 35, 40 மடங்கு.

இந்தச் சூடான, அழுத்தம் மிக்க காற்றுக்குள்தான் டீசலைச் செலுத்த வேண்டும்.

அரைச் சொட்டும் இரண்டு மில்லி விநாடியும்

எவ்வளவு டீசல்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பக்கத்துக் கிணறுகளில் ஓடும் 5 குதிரைத் திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர் டீசல் குடிக்கும். அது நிமிடத்திற்கு 1,500 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். நான்கடி எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் செல்லும். ஆகவே நிமிடத்திற்கு 750 முறை. மணிக்கு 45,000 முறை. 1.1 லிட்டர் என்பது 11 லட்சம் கன மில்லிமீட்டர். இதை 45,000ஆல் வகுத்தால், ஒரு முறைக்கு 25 கன மில்லிமீட்டர்கூட இல்லை. குழாயிலிருந்து சொட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 கன மில்லிமீட்டர் இருக்கும். ஆக, ஒவ்வொரு முறையும் உள்ளே போவது அரைச் சொட்டுத்தான்!

இதற்குக் கிடைக்கும் நேரம்? விநாடிக்கு 25 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 40 மில்லி விநாடி. ஒரு சுற்றின் 360 பாகையில் 20 பாகை அளவே எரிபொருள் பாயும் நேரம். அதாவது 2 மில்லி விநாடிக்குச் சற்று மேல். நீங்கள் ஒரு முறை கண் இமைக்கும் நேரத்தில் இது பல பத்து மடங்கு அடங்கும்.

அந்த அரைச் சொட்டு ஒரே உருண்டையாக உள்ளே விழுந்தால் என்ன ஆகும்? அதன் விட்டம் 3.6 மில்லிமீட்டர், மேற்பரப்பு 41 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அந்தச் சிறு பரப்பின் வழியே ஆவியாவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிடும். அதே அரைச் சொட்டை 20 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாகச் சிதறடித்தால்? ஏறத்தாழ 60 லட்சம் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 7,500 சதுர மில்லிமீட்டர். அதாவது 180 மடங்கு! வெல்லக் கட்டியை அப்படியே தண்ணீரில் போட்டால் கரைய நேரமாகிறது, நுணுக்கிப் போட்டால் சட்டெனக் கரைகிறது அல்லவா? அதே கதைதான்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு துளி ஆவியாகத் தேவைப்படும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் 3 மடங்கானால் நேரம் 9 மடங்காகும். மில்லி விநாடிகளில் முடிய வேண்டிய வேலையில் இந்த 9 மடங்கு என்ன பாடு படுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். பழுதான நாசிலின் தொல்லை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

டீசலும் மல்லாட்டையும்

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு பாரிசில் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர். 1892இல் தம் எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அது வெற்றிகரமாக ஓடியது. ஆனால் எரிபொருளை உள்ளே செலுத்துவதுதான் அவருக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. எண்ணெயை மட்டும் தனியே அத்தனை அழுத்தத்தில் பீச்சும் துல்லியமான பம்பை அன்றையத் தொழில்நுட்பத்தால் செய்ய முடியவில்லை. ஆகவே இன்னும் மிகுந்த அழுத்தமுள்ள காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதிச் செலுத்தினார். அதற்கெனத் தனிக் காற்றழுத்தி வேண்டியிருந்ததால், எஞ்சின் ஆலைகளிலும் கப்பல்களிலும் மட்டுமே வைக்கத்தக்க பெரும் பூதமாக இருந்தது.

1900ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிற்று. பார்த்தவர்கள் பலருக்கு அது கடலை எண்ணெய் என்பதே தெரியவில்லை என்று டீசல் பின்னர் எழுதினார். கடலையை மல்லாட்டை என்று அழைத்து, கண்ணுக்கெட்டிய தூரம் அதையே விதைக்கும் நம் மாவட்டத்தார்க்கு இந்தச் செய்தி இனிக்கும்! ஆனால் அவசரப்பட்டுச் செக்கு எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். கடலை எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைவிடப் பத்து மடங்கு அளவில் மிகுதி. எளிதில் நுண்துளிகளாகச் சிதறாது. நாளடைவில் நாசில் நுனியில் கரியும் பிசினுமாகப் படியும்.

காற்றின் துணையின்றி எண்ணெயை மட்டும் பீச்சும் பம்புகளை ராபர்ட் பாஷ் நிறுவனம் 1922இல் உருவாக்கத் தொடங்கி, 1927இல் பெருமளவில் உற்பத்தி செய்தது. அதன் பிறகே டீசல் எஞ்சின் லாரியிலும் டிராக்டரிலும் ஏறியது. இந்தியாவில் 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி இந்தப் பம்புகளையும் நாசில்களையும் இங்கேயே செய்தது. 'மைக்கோ' என்று நம் மெக்கானிக்குகள் இன்றும் சொல்வது இதைத்தான். 2008இல் அந்நிறுவனத்தின் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது.

உள்ளே என்ன இருக்கிறது?

பழைய வகை இன்ஜெக்டரைப் பிரித்தால் உள்ளே முக்கியமாக மூன்று பொருள்கள் இருக்கும்: நாசில் உடல், அதனுள் ஏறி இறங்கும் ஊசி வால்வு, ஊசியைக் கீழ்நோக்கி அழுத்தும் சுருள்வில்.

ஊசியின் கூம்பு நுனி, நாசிலின் அடியில் உள்ள இருக்கையில் அழுந்தி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். பம்பு டீசலை அழுத்தும்போது, ஊசியைச் சுற்றியுள்ள சிறு அறையில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் ஊசியின் தோள்பட்டையை மேல்நோக்கித் தள்ளும். வில்லின் விசையை அது வென்றதும் ஊசி எழும்பும். டீசல் நுண்துளைகள் வழியே பீச்சிடும். எஞ்சினைப் பொறுத்து இந்தத் திறப்பு அழுத்தம் மாறும். பல எஞ்சின்களில் இது 200 கிலோ அளவில் இருக்கும். பட்டறையில் 'கிலோ' என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை என்று பொருள். ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்.

எடுத்துக்காட்டாக, ஊசித் தண்டின் விட்டம் 6 மி.மீ., இருக்கையின் விட்டம் 3 மி.மீ. என்று கொள்வோம். மூடியிருக்கும்போது அழுத்தம் தாக்கும் பரப்பு, இரண்டு வட்டங்களுக்கும் இடைப்பட்ட வளையம் மட்டுமே: 0.21 சதுர சென்டிமீட்டர். 200 கிலோ அழுத்தத்தில் ஊசியின் மீது 42 கிலோ விசை. வில் அந்த அளவுக்கு இறுக்கப்பட்டிருக்கும். ஊசி சற்றே எழும்பியதும் நுனியின் அடியிலும் டீசல் புகுந்துவிடும். இப்போது பரப்பு 0.28, விசை 56 கிலோ. ஆகவே ஊசி மெதுவாகத் திறப்பதில்லை. சடாரென்று துள்ளித் திறக்கிறது. மூடுவதற்கோ அழுத்தம் 150 கிலோவரை இறங்க வேண்டும்; அப்போது சடாரென்று மூடும். திறப்பதற்கு ஓர் அழுத்தம், மூடுவதற்கு வேறோர் அழுத்தம்! இதனால், சோதனைக் கருவியில் கைப்பிடியை அழுத்தும்போது ஊசி திறந்து, அழுத்தம் குறைந்து மூடி, மீண்டும் திறந்து, 'கர்ர்ர்' என்று ஒலிக்கும். நல்ல நாசிலுக்கு இந்த ஒலியே அடையாளம்.

ஊசிக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். உங்கள் தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் அளவு இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த இடைவெளிக்குள் தூசி புகுந்தால் ஊசி கோடு விழும் அல்லது சிக்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே மெருகிட்டு இணையாக்கியிருக்கிறார்கள். ஒன்றின் ஊசியை மற்றொன்றின் உடலில் போடக் கூடாது. இடைவெளியில் கசியும் சிறிதளவு டீசலே ஊசிக்கு மசகெண்ணெய். வேறு எண்ணெய் கிடையாது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் இந்த மசகுத் தன்மை குறைந்து, நாசிலும் பம்பும் விரைவில் தேயும்.

துளைகளின் விட்டம் 0.2, 0.3 மி.மீ. அளவில் இருக்கும். அதன் வழியே டீசல் விநாடிக்கு 195 மீட்டர் வேகத்தில் பாயும் என்று பெர்னூலி விதியைக் கொண்டு கணக்கிடலாம். மணிக்கு 700 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் அடர்ந்த காற்றில் மோதுவதால்தான் தாரை இழைகளாகவும் துளிகளாகவும் சிதறுகிறது.

நான் ஊசியால் குத்திய கதை

இவ்வளவும் படித்து, இயற்பியலில் எம்.எஸ்ஸி. பட்டமும் வாங்கிய நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

வேட்டவலம் சாலையில் என் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. கிணற்றடியில் பழைய டீசல் எஞ்சின். மாசி மாதம், மல்லாட்டைக்கு விழுது இறங்கும் சமயம். அப்போது மண் காய்ந்தால் விழுது மண்ணுக்குள் போகாது, காய் பிடிக்காது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் கரும்புகை கக்கியது. தண்ணீர் பாதியாகக் குறைந்தது. "ஏம்பா, நீதான் பிசிக்ஸ் வாத்தியாராச்சே, பாரேன்" என்றார் மாமா.

நாசில் அடைப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன். அதுவரை சரி. கழற்றினேன். மூன்று துளைகளில் கரி. அத்தையிடம் தையல் ஊசி வாங்கி ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். மூன்றாவது துளையில் ஊசி முனை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. கீழே விழுந்த ஊசி வால்வை எடுத்து வேட்டியில் துடைத்து மாட்டினேன். எஞ்சின் ஓடிற்று, முன்பைவிட அதிகமாகப் புகைத்து, சம்மட்டியால் அடிப்பது போல் தட்டிக்கொண்டு ஓடிற்று. பத்து நிமிடத்தில் மாமாவே நிறுத்திவிட்டார்.

மறுநாள் அதை ஊருக்குள் ஒரு டீசல் பம்ப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். வயதான மெக்கானிக் பூதக் கண்ணாடியில் பார்த்தார். ஊசி வால்வில் ஒட்டியிருந்த பஞ்சு இழையை எடுத்துக் காட்டினார். "சார், இது காது குடையற விஷயம் இல்ல சார்" என்றார். புதிய நாசில் போட்டு, சோதனைக் கருவியில் மாட்டி, கைப்பிடியை அழுத்தினார். 'கர்ர்ர்' என்றது. "கேட்டீங்களா? நாசில் பேசணும். பேசலேன்னா மாட்டக் கூடாது."

மேலே நான் எழுதிய 42 கிலோ, 56 கிலோ கணக்கை அன்று இரவு உட்கார்ந்துதான் போட்டேன். அவர் காதால் அறிந்ததை நான் தாளில் சரிபார்த்தேன், அவ்வளவுதான். மல்லாட்டைக்கு மூன்று நாள் தண்ணீர் தவறியது. அந்த ஆண்டு அந்தப் பாத்திகளில் பொக்குக் காய் மிகுதி. மாமா ஒன்றும் சொல்லவில்லை.

புகை சொல்லும் சேதி

நாசிலில் கோளாறு என்பதை எப்படி அறிவது? புகையைப் பாருங்கள்.

கரும்புகை: டீசல் முழுதும் எரியவில்லை. பெரிய துளிகளாக விழலாம், நாசில் ஒழுகலாம். ஆனால் காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், சுமை மிகுந்தாலும் கரும்புகை வரும். ஆகவே முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள்.

வெண்புகை: டீசல் பற்றாமலே ஆவியாக வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சற்று நேரம் வருவது இயல்பு.

நீலப்புகை: மசகெண்ணெய் எரிகிறது. இதற்கும் நாசிலுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

புகை என்றால் டீசல் விரயம் மட்டுமன்று. டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்தியது. கிணற்றுக் கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு அங்கேயே அமர்ந்திருப்பது நல்லதன்று.

வீட்டில் செய்யத் தக்கவை

பழைய வகை ஒற்றை உருளை எஞ்சினில் பொறுமையும் துப்புரவும் உள்ளவர் செய்யக்கூடிய வேலைகள் பல உண்டு.

முதலாவது, நாசில் கெடாமல் காப்பது. தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். டீசல் வடிகட்டியைக் கையேடு சொல்லும் மணிக்கணக்கில் மாற்றுங்கள். டீசலை ஊற்றும்போது சுத்தமான புனலும் சல்லடையும் இருக்கட்டும். நாசில் கெடுவதற்கு நாசில் காரணமாவது அரிது. பெரும்பாலும் வடிகட்டியே காரணம்.

இரண்டாவது, கழற்றுவது. எஞ்சின் நன்கு ஆறட்டும். இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் துடைத்துவிடுங்கள். இல்லையேல் அத்தனையும் உருளைக்குள் விழும். உயரழுத்தக் குழாயின் மரையை, இணைப்பை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றொரு ஸ்பேனரால் தளர்த்துங்கள். குழாயை வளைக்காதீர்கள். இன்ஜெக்டரை எடுத்ததும் குழாய் முனையையும் எஞ்சினில் உள்ள துளையையும் சுத்தமான துணியால் மூடுங்கள். பழைய செப்பு வாஷர் பெரும்பாலும் துளையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதையும் போட்டால் நாசில் நுனி இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே நிற்கும். பீச்சல் தவறான இடத்தில் மோதும்.

மூன்றாவது, வெளித் துப்புரவு. நாசில் நுனியைச் சுத்தமான டீசலில் ஊறவிடுங்கள். கரி இளகியபின் பித்தளைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேயுங்கள். எஃகுத் தூரிகை, உப்புத்தாள், கத்தி எதுவும் வேண்டாம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தீப்பிடிக்கும். துளைக்குள் எதையும் விடாதீர்கள். பட்டறையில் அதற்கென்றே, துளையைவிட மெல்லிய கம்பிகள் வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, மீண்டும் பொருத்துவது. புதிய செப்பு வாஷர் போடுங்கள். கிளாம்பின் இரு மரைகளையும் மாறி மாறி, சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கமே இறுக்கினால் இன்ஜெக்டர் சாய்ந்து, எரிவாயு கசியும். பிறகு குழாயில் புகுந்த காற்றை நீக்க வேண்டும். காற்று அழுத்தினால் சுருங்கும். டீசல் அவ்வளவு சுருங்காது. குழாயில் ஒரு சிறு குமிழி இருந்தாலும் பம்பின் உந்தல் முழுவதும் அதைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும், ஊசி திறக்காது. வடிகட்டியிலும் பம்பிலும் உள்ள காற்று நீக்கும் திருகுகளை வரிசையாகத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

இன்ஜெக்டரையே பிரித்து ஊசி வால்வை வெளியே எடுப்பது, வில்லின் இறுக்கத்தைச் சரிசெய்வது ஆகியவை பட்டறை வேலை. அங்கே அழுத்தமானி பொருத்திய சோதனைக் கருவி உண்டு. திறப்பு அழுத்தத்துக்கு 20 கிலோ குறைவாகப் பத்து விநாடி நிறுத்தி, நுனியில் சொட்டு விழுகிறதா என்று பார்ப்பார்கள். ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, உடலைச் சாய்த்துப் பிடித்தால், அது தன் எடையாலேயே வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். இந்தச் சோதனைகள் இல்லாமல் வீட்டில் பிரிப்பது, தராசு இல்லாமல் பொன் நிறுப்பது போலத்தான்.

கையை நீட்டாதீர்கள்!

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய இன்ஜெக்டரை உயரழுத்தக் குழாயிலேயே வெளிப்புறமாக மாட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, பீச்சலைப் பார்ப்பது ஒரு பழைய வழக்கம். பீச்சல் எப்படி இருக்கிறது என்று கையை நீட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள்.

சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு, அதாவது 7 கிலோ அழுத்தத் தாரையே தோலைத் துளைக்கப் போதுமானது. இங்கே இருப்பது 200 கிலோ. திறந்த வெளியில், எதிரழுத்தம் இல்லாதபோது, தாரையின் வேகம் இன்னும் கூடும். டீசல் தோலைத் துளைத்து விரலின் தசைநார் உறைகள் வழியே உள்ளங்கைவரை பரவும். முதலில் வெளியே தெரிவது ஒரு சிறு புள்ளி மட்டுமே, வலிகூட இருக்காது. "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். சில மணி நேரத்தில் விரல் வீங்கும். உள்ளே திசு செத்துப்போகும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும். புள்ளி எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அறுவை மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போங்கள். "உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒத்தடம் கொடுக்காதீர்கள், பிசையாதீர்கள்.

குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் இதே ஆபத்துத்தான். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். பீச்சும் டீசல் மூடுபனிபோல் காற்றில் மிதக்கும். அருகில் பீடியும் நெருப்பும் கூடாது.

புதிய வண்டிகள் வேறு

மேலே சொன்னவை எல்லாம் பழைய இயந்திர வகைக்கு. 1997ஆம் ஆண்டு முதல் கார்களில் வந்த 'காமன் ரெயில்' முறை முற்றிலும் வேறு. அங்கே ஒரு பொதுக் குழலில் டீசல் எப்போதும் அழுத்தத்தில் காத்திருக்கும். ஒவ்வோர் இன்ஜெக்டரையும் கணினி மின்சாரத்தால் திறந்து மூடும். அழுத்தம் 2,000 கிலோவுக்கு மேலும் போகும். பழையதைப் போல் பத்து மடங்கு. இதனால் துளிகள் இன்னும் நுண்ணியவை ஆகின்றன. ஓசையும் புகையும் குறைகின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிய வாகனங்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தன. அந்த டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இத்தகைய வண்டியின் இன்ஜெக்டரிலும் குழாயிலும் வீட்டில் கை வைக்கவே கூடாது. வடிகட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும், நல்ல டீசல் போடுவதுமே நம்மால் ஆகக்கூடியவை.

முடிவாக மாணவர்களுக்கு ஒரு கணக்கு. நான்கு உருளைகள் கொண்ட ஒரு டிராக்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றுகிறது. உழும்போது மணிக்கு 6 லிட்டர் டீசல் செலவாகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நாசில் வழியே செல்லும் டீசலின் அளவு என்ன? விடையைக் கண்டபின் நம் கிணற்றடி எஞ்சினுக்குக் கண்ட அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஒரு நாள், அருகில் உள்ள டீசல் பம்ப் பட்டறைக்குப் போய், அனுமதி கேட்டு, சோதனைக் கருவிக்குச் சற்றுத் தள்ளி நின்று, நாசில் பேசுவதை ஒரு முறை கேட்டு வாருங்கள்.